தெளிந்த தண்ணியெல்லாம் சுத்தத் தண்ணியா?
பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆறு தண்ணீர்ப் பாடங்கள்



தண்ணிக்குப் பஞ்சமில்லாத இடம் நம்ம மலைநாடு என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மேற்கு மலைச்சரிவில் சில இடங்களில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் பெப்ரவரி, மார்ச் மாதம் வந்தால் பீலித் தண்ணி நூல்போல் மெலிந்துவிடுகிறது. குடங்கள் வரிசையில் நிற்கின்றன. மழை தொடங்கிவிட்டாலோ பைப்பைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் சேறு வருகிறது. அடுத்த வாரம் லயத்தில் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பிள்ளையைப் பார்க்க அம்மா வீட்டில் நின்றால் அவளுக்கு அன்றைய பேரும் இல்லை. ஒரு கோப்பை அழுக்குத் தண்ணி ஒரு குடும்பத்தின் படிப்பிலும் சம்பளத்திலும் கை வைத்துவிடுகிறது.

ஆகவே தண்ணியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வெறும் பாடப்புத்தக விஷயம் அல்ல. ஆரம்பப் பிரிவில் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடம் இருக்கிறது. அதில் தண்ணீரும் வருகிறது. நமது பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பட்டணத்துப் பிள்ளை படத்தில் பார்க்கும் ஊற்றையும் ஓடையையும் இவர்கள் கண்முன்னாலேயே காண்கிறார்கள். அந்தத் தண்ணியையே பாடமாக்கிவிடலாம்.

கீழே உள்ள ஆறு பாடங்களும் முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கானவை. வெறும் போத்தல், உப்பு, மணல், கரி, சவர்க்காரம் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலிலும் செய்யலாம். எல்லாப் பாடத்திலும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டுதான்:

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"
"வர்ற வழியில இதுல என்ன கலக்குது?"

இந்த இரண்டையும் கேட்கப் பழகிய பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிழைத்துக்கொள்ளும்.

தொடங்குமுன் மூன்று சட்டங்கள்

1. சோதனைக்கு எடுத்த தண்ணியை யாரும் வாயில் வைக்கக்கூடாது. ருசி பார்க்கவும் கூடாது.
2. ஊற்றுக்கோ ஓடைக்கோ போகும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். குளவிக்கூடு இருக்கும் பக்கம் போகக்கூடாது. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இறங்கவே கூடாது.
3. பாடம் முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

முதலாம் பாடம்: தண்ணி வந்த வழி

பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு லயத்துப் பைப்பிலிருந்து மேலே நடந்து போங்கள். பைப், அதற்கு மேலே தாங்கி, அதற்கும் மேலே ஊற்று. போகும் வழியெல்லாம் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் படம் கீறட்டும்.

பார்க்க வேண்டியவை:
- ஊற்றைச் சுற்றி வேலி இருக்கிறதா? மாடு, ஆடு இறங்குகிறதா?
- ஊற்றுக்கு மேற்பக்கத்தில் மலசலகூடம், மாட்டுப்பட்டி, குப்பைக்குழி ஏதும் இருக்கிறதா?
- மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் அங்கே போடும் எருவும் உரமும் மழையில் எந்தப் பக்கம் வடிகிறது?
- தாங்கிக்கு மூடி இருக்கிறதா? உள்ளே இலை, தவளை, பாசி கிடக்கிறதா?
- பைப்பில் வெடிப்பு எங்கே? வெடித்த இடம் கானுக்குள் கிடக்கிறதா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். பலர் நினைப்பது, "பைப் வெடிச்சா தண்ணி வெளியதானே போகும், உள்ள என்ன வரும்?" என்று. தண்ணி பலமாக ஓடும்போது அது சரிதான். ஆனால் தண்ணியை நிறுத்திவிட்ட நேரத்தில் பைப் காலியாகிறது. அப்போது வெளியே தேங்கிக் கிடக்கும் கான் தண்ணியை அதே வெடிப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் முதலில் வரும் தண்ணியில் அதுதான் கலந்திருக்கும்.

திரும்பி வந்ததும் ஒரு பெரிய கடதாசியில் எல்லாரும் சேர்ந்து "எங்கள் தண்ணி வழிப் படம்" கீறுங்கள். நல்ல இடத்துக்குப் பச்சைப் புள்ளி, அழுக்குச் சேரும் இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. படத்தை வகுப்பிலோ பிள்ளை மடுவத்திலோ ஒட்டிவையுங்கள். மலசலகூடக் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, அதுவும் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கவேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 100 அடி எவ்வளவு என்று அவர்களே கால் அடியால் அளந்து பார்க்கட்டும்.

இரண்டாம் பாடம்: கண்ணுக்குத் தெரியாதது

இரண்டு கண்ணாடிக் கிளாஸில் ஒரே அளவு தண்ணி எடுங்கள். ஒன்றில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு கரண்டி உப்பைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

டீச்சர்: இதுல எது சுத்தத் தண்ணி, சொல்லுங்க பார்ப்போம்.
பிள்ளை: ரெண்டும்தான் டீச்சர். ரெண்டும் பளிச்சுன்னு இருக்கே!
டீச்சர்: நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு.
பிள்ளை: ஒன்னும் தெரியலயே டீச்சர்.

இப்போது சூடான ரொட்டிச் சட்டியில் இந்தக் கிளாஸிலிருந்து ஒரு கரண்டி, அந்தக் கிளாஸிலிருந்து ஒரு கரண்டி தனித்தனியாக விடுங்கள். (சட்டிக்குப் பக்கத்தில் பெரியவர் மட்டும் நிற்கவேண்டும்.) தண்ணி வற்றியதும் ஓரிடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். "பார்த்தீங்களா, கண்ணுக்குத் தெரியல, ஆனா உள்ள இருந்துச்சு" என்று சொன்னால் போதும். நோய்க்கிருமியும் இப்படித்தான். உப்பாவது சட்டியில் தெரிந்தது. கிருமியைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு உண்மைக் கதை சொல்லலாம். 1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் வாந்திபேதி பரவியது. சோஹோ என்ற பகுதியில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றினால்தான் இந்த நோய் வருகிறது என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் பலர் நம்பியிருந்தார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் அதை நம்பவில்லை. அவர் வீடு வீடாகப் போய், "நீங்கள் எந்த இடத்துத் தண்ணி குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். இறந்தவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்தார். பெரும்பாலும் எல்லாம் புறோட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. அவர் சொன்னதன் பேரில் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கிணற்றுப் பக்கத்து மலக்குழியிலிருந்து அழுக்குக் கசிந்து வந்தது பிறகு தெரியவந்தது. வாந்திபேதிக் கிருமி எது என்று ஜேர்மன் வைத்தியர் றொபேட் கொக் உறுதியாகக் காட்டியது 1884இல்தான். கிருமியைக் காணாமலேயே, கேள்வி கேட்டும் படம் கீறியும் ஸ்னோ வழி கண்டுபிடித்தார். நம் பிள்ளைகள் முதலாம் பாடத்தில் கீறிய படமும் அதே வகைப் படம்தான்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. அதே நூற்றாண்டில், கோப்பிக் காலத்தில், நமது முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் கால்நடையாக வந்தார்கள். வழியில் கிடைத்த தண்ணியைக் குடித்தார்கள். வாந்திபேதி கண்டு அந்தப் பாதை நெடுகிலும் எத்தனையோ பேர் மடிந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. இன்றைக்கு நமக்குத் தெரியும். தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

தண்ணியால் வரும் நோய்களைப் பிள்ளைகள் பேர் சொல்லித் தெரிந்திருக்கட்டும்: வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி.

மூன்றாம் பாடம்: வடிகட்டிப் பார்ப்போம்

ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். வாய்ப்பக்கம் துணி கட்டுங்கள். அதற்கு மேல் இடித்துக் கழுவிய அடுப்புக்கரி, அதற்கு மேல் நன்றாகக் கழுவிய மணல், அதற்கு மேல் சின்னச் சல்லிக்கல். முதலில் ஒருமுறை தண்ணி ஊற்றிக் கரித்தூள் போகக் கழுவிவிடுங்கள். பிறகு சேற்றுத் தண்ணியை மெல்ல ஊற்றுங்கள். கீழே வரும் தண்ணி தெளிந்து வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கைதட்டி முடிந்ததும் கேளுங்கள்: "இப்ப இதைக் குடிக்கலாமா?"

பாதிப் பேர் "குடிக்கலாம்" என்பார்கள். அப்போது உப்புத் தண்ணிச் சோதனையை ஞாபகப்படுத்துங்கள். சேறு போய்விட்டது உண்மை. கிருமி மணலை விட மிக மிகச் சிறியது. அது தப்பி வந்திருக்கும். மலைக்காட்டுக்குள்ளிருந்து கண்ணாடிபோல ஓடிவரும் ஓடையும் இப்படித்தான். மேலே ஒரு மாடு இறங்கியிருந்தால் போதும்.

அப்படியானால் வடிகட்டுவது வீண் வேலையா? இல்லை. சேற்றோடு பல கிருமிகளும் ஒட்டிக்கொண்டு போகின்றன. வங்காளதேசத்தில் பழைய சேலைத் துணியை நாலாக மடித்துக் குளத்துத் தண்ணியை வடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதி குறைந்தது, மீதிப் பாதி இருந்தது. ஆகவே முதலில் வடி, பிறகு கொதிக்க வை. இரண்டும் வேண்டும்.

கொதிக்க வைப்பதைப் பற்றியும் சொல்லுங்கள். கேத்தலில் சூடு பறப்பது கொதிப்பு அல்ல. பெரிய குமிழி புரண்டு புரண்டு வரவேண்டும். அதன்பிறகு ஒரு நிமிடம் விடவேண்டும். மிக உயரத்திலுள்ள தோட்டங்களில் மூன்று நிமிடம் விடுவது நல்லது. காரணம், உயரம் கூடக்கூடத் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணி நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. மேலே பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஆனாலும் அந்தச் சூடு நோய்க்கிருமிகளைக் கொல்லப் போதும். பயப்படத் தேவையில்லை.

நான்காம் பாடம்: கரிக்கை

வீட்டுக்கு வரும்வரை நல்லதாக இருந்த தண்ணியை நம் கையாலேயே கெடுத்துவிடுகிறோம். இதைக் காட்ட இந்தப் பாடம்.

இரண்டு வெள்ளைப் பேசினில் தண்ணி எடுங்கள். ஒரு பிள்ளையின் விரல்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கரித்தூளும் தடவுங்கள். அந்தப் பிள்ளை முதல் பேசினில் கோப்பையை விட்டு, விரல் நனையத் தண்ணி மொள்ளட்டும். தண்ணியில் கரி மிதக்கும். இரண்டாவது பேசினில் நீளக் காம்புள்ள அகப்பையால் மொள்ளச் சொல்லுங்கள். கை தண்ணியில் படவில்லை. தண்ணி அப்படியே இருக்கும்.

பிறகு அந்தப் பிள்ளை வெறும் தண்ணியில் கை கழுவட்டும். எண்ணெயும் கரியும் போகாது. சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணிக் கழுவட்டும். போய்விடும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாட முடிவில் பிள்ளைகள் சொல்லிப் பழகட்டும்:
- குடிக்கும் தண்ணிக்குத் தனிப் பாத்திரம், அதற்கு மூடி.
- மொள்ள அகப்பை. இல்லாவிட்டால் சரித்து ஊற்றுவது.
- மலசலகூடம் போய் வந்த பின்னும் சாப்பிடுமுன்னும் சவர்க்காரம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கொழுந்து மலையிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்க ஆசையாக இருக்கும். பிள்ளைக்கு முன்னால் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளை செய்யும்.

ஐந்தாம் பாடம்: புல்லும் வெறும் மண்ணும்

தண்ணி எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தோம். அது ஏன் மழையில் சேறாகிறது, வெயிலில் வற்றுகிறது என்று பார்ப்போம்.

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஒன்றில் வெறும் மண், மற்றதில் வேரோடு பெயர்த்த புல்லுக்கரணை வையுங்கள். இரண்டையும் மலைபோலச் சரித்துவைத்து, கீழே ஆளுக்கொரு கோப்பை வையுங்கள். ஒரே அளவு தண்ணியை மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து தண்ணி வேகமாக, சேறாக வரும். புல்லிலிருந்து மெதுவாக, தெளிவாக வரும். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் புல்லிலிருந்து கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஊற்றுக்கு மேலேயுள்ள காட்டின் வேலை இதுதான். பெய்த மழையைப் பிடித்துவைத்து, மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களில் மரத்து இலையும் பாசியும் மூடுபனியைக்கூடப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. விறகுக்காக ஊற்றுக்கு மேலேயுள்ள மரத்தை வெட்டினால், மார்ச் மாதத்துத் தண்ணியை வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். ஓடைக்கரையை ஒட்டிக் கொத்தி மரக்கறி போட்டால், நல்ல மேல்மண் எல்லாம் ஓடைக்குள் போகிறது.

ஓடைக்குள் போனது அங்கேயே நிற்பதில்லை. ஒரு தேசப்படத்தை விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தண்ணி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், மஸ்கெலியாத் தண்ணி மவுசாகலைக்கும் போகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து களனி கங்கையாகி, 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புப் பக்கம் கடலில் விழுகிறது. வழியில் அம்பத்தலேயில் அதைச் சுத்திகரித்துக் கொழும்பு மக்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணி, 2012இல் திறந்த மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மின்சாரம் எடுக்கப்பட்டு மகாவலியில் சேர்கிறது. பதுளை ஓயாத் தண்ணியும் மகாவலிக்கே போகிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு பொலன்னறுவை வயலுக்குப் பாய்ந்து திருகோணமலைக் கடலில் முடிகிறது. நமது லயத்துக் கானில் விழுந்த பொலித்தீன் பைக்கும் அதே வழிதான்.

இந்தப் பாடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று மருந்து. புல்லுக்கு, பூச்சிக்கு அடிக்கும் மருந்து தண்ணியில் கலந்தால் வடிகட்டினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே:
- மருந்து அடித்த டேங்கியை ஓடையிலோ பீலியிலோ கழுவக்கூடாது.
- வெறும் மருந்துக் கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிதண்ணி எடுக்கவே கூடாது. "நல்ல கேன், வீசுறதுக்கு மனசு வரல" என்று சொல்வார்கள். அந்த மனசு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல. கேனைத் தோட்டக் களஞ்சியத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.
- மருந்து அடித்த அன்று அந்த மலைக்குக் கீழேயுள்ள ஓடையில் பிள்ளைகள் குளிக்கக்கூடாது.

ஆறாம் பாடம்: அளந்து பார்ப்போம்

கணக்குப் பாடத்தையும் தண்ணியிலேயே செய்யலாம்.

(அ) சொட்டும் பைப்: சொட்டிக்கொண்டிருக்கும் பைப்பின் கீழே பத்து நிமிடம் ஒரு கோப்பையை வையுங்கள். 150 மில்லிலீற்றர் சேர்ந்தது என்று வைப்போம். ஒரு மணித்தியாலத்துக்கு 900 மில்லிலீற்றர். ஒரு நாளைக்கு 21,600 மில்லிலீற்றர்; அதாவது 21 லீற்றருக்கு மேல். இரண்டு வாளித் தண்ணி! ஒரு வொஷர் போட்டால் நின்றுவிடும்.

(ஆ) கூரைத் தண்ணி: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர். இந்தத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்துத் துணி துவைக்கவும் மலசலகூடத்துக்கும் பாவிக்கலாம். முதலில் வடியும் தண்ணியைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அதில் கூரை அழுக்கு இருக்கும். பீப்பாயை நுளம்பு போகாமல் மூடிவையுங்கள். இல்லாவிட்டால் டெங்கு வரும்.

(இ) வீட்டுத் தண்ணி: ஒரு ஆளின் அடிப்படைத் தேவைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீற்றர் தண்ணி வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் குறைந்தது 250 லீற்றர். 10 லீற்றர் வாளியானால் 25 நடை. உங்கள் வீட்டுக்கு நேற்று எத்தனை வாளி வந்தது? யார் தூக்கியது? அம்மாவா, அக்காவா, அண்ணனா? பிள்ளைகள் ஒரு வாரம் எண்ணி எழுதட்டும். பெண் பிள்ளைகளின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பற்றியும் வீட்டில் பேசவேண்டும். தண்ணி தூக்கும் நேரம் அவர்கள் படிக்கிற நேரம்.

(ஈ) உலகத்துத் தண்ணி: ஒரு லீற்றர் போத்தல் நிறையத் தண்ணி எடுத்து, "இதுதான் உலகத்திலுள்ள எல்லாத் தண்ணியும்" என்று சொல்லுங்கள். அதில் 25 மில்லிலீற்றரை மட்டும் சிறு கோப்பையில் ஊற்றுங்கள். நல்ல தண்ணி அவ்வளவுதான். மீதி எல்லாம் கடலும் உப்புத் தண்ணியும். அந்த 25இலும் ஏறக்குறைய 17 பனிக்கட்டியாகக் கிடக்கிறது. மிச்சத்திலும் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். ஆறாகவும் ஏரியாகவும் நம் கண்ணில் படுவது விரல் நுனியில் நிற்கும் இரண்டு மூன்று துளிதான். அதைப் பிள்ளையின் உள்ளங்கையில் சொட்டிக் காட்டுங்கள்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் வந்துவிடும். அப்போது பிள்ளையைக் கொல்வது உடம்பிலுள்ள தண்ணியும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று சில பாட்டிமார் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவேண்டாம். கண் குழி விழுந்தால், இரத்தம் போனால், பிள்ளை குடிக்க மாட்டாமல் சோர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இனிப் பெரியவர்களின் பாடம்

பிள்ளைகள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். "ஏன் நம்ம தாங்கிக்கு மூடி இல்ல?" "ஏன் ஊத்துக்கு மேல கக்கூசு?" பிள்ளையை அதட்டாதீர்கள். ஊற்றைக் கட்டுவதும் தாங்கியைக் கழுவுவதும் பிள்ளையின் வேலை அல்ல. அது நமது வேலை. 2010ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சுத்தமான குடிதண்ணி ஒரு மனித உரிமை என்று தீர்மானித்தது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

சிவப்புப் புள்ளி போட்ட அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு மாதர் சங்கமும் தலைவர்மாரும் தோட்ட முகாமையாளரிடம் போகலாம். வெறும் வாய்ப்பேச்சை விட, "இந்த இடத்தில் பைப் வெடிப்பு, இந்த இடத்தில் மூடி இல்லை" என்று படத்தைக் காட்டிச் சொல்வதற்குப் பலம் அதிகம். கேட்க வேண்டியவை இவை:

1. ஊற்றைச் சுற்றி மூடிய சிமெந்துப் பெட்டி, மேற்பக்கத்தில் மழைத்தண்ணியைத் திருப்பிவிட ஒரு கான், சுற்றி வேலி.
2. தாங்கிக்கு மூடி, காலம் தவறாமல் கழுவுதல்.
3. குளோரின் போடுதல். எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே செய்யவேண்டும், மனம்போல் கொட்டக்கூடாது.
4. தண்ணி மாதிரி எடுத்துப் பரிசோதித்தல். 100 மில்லிலீற்றர் தண்ணியில், அதாவது அரைக் கிளாஸில், மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே விதி. முடிவை லயத்து மக்களுக்கும் சொல்லும்படி கேளுங்கள்.

வேலி கட்டுவது, கான் வெட்டுவது போன்றவற்றை நாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாகச் செய்யலாம். பைப்பும் சிமெந்தும் நிருவாகத்தின் பொறுப்பு. யார் செய்ய வேண்டியதை யார் செய்வது என்று பேசி முடிவெடுத்து எழுதிவையுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை யாரும் மறக்கமாட்டோம். மண் சரிந்த இடத்தில் பைப் உடையும். ஊற்றின் வழி மாறும். மலசலகூடக் குழி நிரம்பி வழியும். பெருமழைக்குப் பிறகு வரும் தண்ணியை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கொதிக்க வைக்காமல் குடிக்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கான பயிற்சி

1. உங்கள் வீட்டுத் தண்ணி எந்த ஊற்றிலிருந்து வருகிறது? அது கடைசியில் எந்த ஆற்றில் சேர்கிறது?
2. தெளிந்த தண்ணியிலும் கிருமி இருக்கலாம் என்பதை எந்தச் சோதனையால் காட்டலாம்?
3. வடிகட்டினால் எது போகும்? கொதிக்க வைத்தால் எது சாகும்? இரண்டுக்கும் போகாதது எது?
4. பத்து நிமிடத்தில் 100 மில்லிலீற்றர் சொட்டும் பைப்பில் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் வீணாகும்?
5. உங்கள் தண்ணி வழிப் படத்தில் எத்தனை சிவப்புப் புள்ளி? அடுத்த வருடம் இதே மாதம் மறுபடி நடந்து பார்த்து எண்ணுங்கள். எத்தனை குறைந்திருக்கிறது?

நாலாம் கேள்விக்கு விடை 14.4 லீற்றர். ஐந்தாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல, தாய்மாரே, தந்தைமாரே, நாம்தான்.